பாரிஸில் ஒரு தற்செயல்

தீபாவளி விடுமுறையில் திருப்பூரே காலியானாலும், தினமும் நெருப்பெரிச்சல் பகுதிக்குப் போய் எங்கள் பனியன் கம்பெனியின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருபவர் அப்பா. அவரே ஒருநாள், "பத்து நாள் ஐரோப்பா டூர் போலாமா கண்ணு?" என்றபோது எனக்குச் சந்தேகம் வந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய மாதம் ஒரு குடும்பம் "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்று வீட்டுக்கு வந்து, என்னைப் பார்த்துவிட்டுக் காபி குடித்துப் போனது. ஒரு வாரம் அப்பாவிடம் நான் பேசவில்லை. "இனி உன்னையக் கேக்காம ஒருத்தரையும் ஊட்டுக்குக் கூட்டிட்டு வரமாட்டேன் சாமி" என்று வாக்குக் கொடுத்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் மறுபடி பேச ஆரம்பித்தேன்.

கம்பெனியில் தரப் பரிசோதனை என் பொறுப்பு. குறைகளை வரிசையாக எழுதுவது பழகிப்போனது. பாரிஸ் போய்ச் சேர்வதற்குள் போனில் நான்கு எழுதியிருந்தேன். அம்மாவின் பெட்டியில் என் பட்டுச் சுடிதார். அப்பா புதிதாக மீசைக்கு மை அடித்திருந்தது. ஓவியம் என்றால் காலண்டர் படம் மட்டுமே அறிந்தவர், பாரிஸின் பெரிய ஓவியக் காட்சியகத்துக்கு மட்டும் 'காலைல பதினோரு மணிக்கு உள்ள இருக்கோணும்' என்று அடம்பிடித்தது. நான்காவது, அம்மா என் கண்ணைப் பார்த்துப் பேசாதது.

காட்சியகத்துக்குள்ளே நிற்க இடமில்லை. உலகமே போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரே ஒரு படத்தை நோக்கி நகர்ந்தது. அப்பா மட்டும் படத்துக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"அடடே! ஏனுங்க, நீங்களுமா!" என்றார் அப்பா.

வந்தவர்கள் கணவன், மனைவி, மகன் என்று மூன்று பேர். மூலனூர்ப் பக்கத்து ஆட்கள், திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர்கள். மகன் ஜெர்மனியில் வேலை, இரயிலில் வந்தாராம். அப்பாவின் ஆச்சரியம் ஒரு விநாடி முந்திக்கொண்டது. அவர்கள் திரும்பும் முன்பே கையை விரித்துவிட்டார்.

பெரியவர்கள் முன்னே நடக்க, அந்த மகன் மெதுவாகக் கேட்டார். "உங்ககிட்டயும் டூர்னுதான் சொன்னாங்களா?"

"ஆமாங்க. உங்ககிட்ட?"

"எங்கப்பாவுக்கு ஓவியம்னா உசுருன்னாங்க. நானும் இன்னைக்குத்தான் கேள்விப்படறேன்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இவரும் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாரோ என்று ஒரு பக்கம் தோன்றியது.

அடுத்த கூடத்தில் சுவர் முழுக்க நூலால் நெய்த பழைய சித்திரம் ஒன்று தொங்கியது. அதுவரை எந்தப் படத்தின் முன்னும் நிற்காத இரண்டு அப்பாக்களும் அங்கே நின்றார்கள். எங்கள் ஊரில் துணியைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்ப மாட்டார்கள். விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள், ஓரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள். அவருடைய அப்பா கயிற்றுக்கு மேலே எட்டி, கீழ் ஓரத்தைப் பிடித்துத் திருப்பியேவிட்டார். அலாரம் அலறியது. காவலாளி கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"சம்பந்தி! கைய எடுங்க சம்பந்தி!" என்று அப்பா பதறினார்.

அலாரம் நின்றது. பெண் பார்க்க மட்டும்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். சம்பந்தி என்ற அந்த வார்த்தை அவர் வாயில் பழகியிருந்தது.

"எத்தனை நாளா சம்பந்திங்கப்பா?" என்று கேட்டேன்.

"ஊட்டுக்கு யாரையும் கூட்டிட்டு வரலையே கண்ணு..."

"வரலீங்க. என்னையக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

அம்மா சித்திரத்தையே உற்றுப் பார்த்தார். அந்த மகன் தன் அப்பாவிடம், "இதுக்குத்தான் ஓவியம்னா உசுருன்னு சொன்னீங்களா?" என்றார். அவருக்கும் தெரியாது என்ற அந்த ஒன்றில் மட்டும் அவரை நம்பினேன்.

"அப்ப வேண்டாங்கறயா சாமி?" என்று அப்பா தணிந்த குரலில் கேட்டார்.

"பரிசோதிக்காம பாஸ் சீல் போட்ட பெட்டிய நான் கம்பெனிய விட்டு வெளிய அனுப்பியிருக்கறனுங்களா? வேணும், வேண்டாம்னு இன்னும் நான் எதுவும் சொல்லலீங்க. நீங்க என்னையக் கேக்கவே இல்லைங்கறேன்."

அவர்களிடம் மரியாதையாகவே விடைபெற்றோம். அந்த மகனுடைய போன் நம்பரை அப்பா நீட்டினார், நான் வாங்கவில்லை. வேண்டுமானால் நானே கேட்டுக்கொள்வேன் என்றேன்.

பேருந்தில் பயணத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். நாளை படகுச் சவாரி. அதற்கடுத்த நாள் பனிமலை.

"படகுல யாருங்கப்பா?"

"யாருமில்ல சாமி."

"மலைல?"

அப்பா பதில் சொல்ல ஒரு விநாடி தாமதித்தார். தாளை மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.