திருப்பி அனுப்பிய சிரிப்பு

என் மகள் ஜப்பானில் வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் அடைப்புக்குறியும் கோடுமாக ஒரு முகம் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். பெரும்பாலும் சிரிக்கும் முகம்: (^_^). அந்தக் குறிகளை என் போனில் தேடி எடுக்க எனக்குப் பொறுமை கிடையாது. அவள் அனுப்பியதையே காப்பி செய்து அவளுக்கே அனுப்பிவிடுவேன். மனைவி இறந்த பிறகு, இந்தப் பீர்க்கன்கரணை வீட்டில் பல நாள் நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு நாள், பால் வாங்கி வரும்போது அவளுடைய முகம் வந்தது. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தேன். வழக்கம்போலத் திருப்பி அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"ஏம்ப்பா அழறீங்க?"

"நான் எங்கம்மா அழறேன்?"

"அழற முகம் அனுப்பியிருக்கீங்களே."

"நீ அனுப்பினதைத்தான் அனுப்பினேன். எப்பவும் அப்படித்தானே."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்போ, இவ்ளோ நாளா நீங்க சிரிச்சதெல்லாம்?"

ஏரிக்கரையில் பால் பாக்கெட்டோடு நின்றேன். "சரி, நீ வேலையைப் பாரு" என்றேன். வைத்துவிட்டாள்.

அவள் எதற்காக அழுதாள் என்று நான் கேட்கவே இல்லை. பால் பொங்கும்போதுதான் அது உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குறியாகத் தேடி நானே ஒரு முகம் செய்தேன். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை: (-_-). அதன் கீழே, "ஏன்மா அழுத?" என்று எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. என் முகத்தையே எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்தும், அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.