தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

திருவண்ணாமலையில் கவிஞர் முருகையன் மேடையேறினால் கூட்டம் களைகட்டும். பகலில் அச்சகத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துவார். சாயங்காலமானால் சாமியையும் சாத்திரத்தையும் பிரித்து மேய்வார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு கவிதைதான். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை ஒரு படி தவிட்டுக்கு உறவுக்காரர்களிடம் விற்றுவிடுவார்கள். பிறகு ‘இது உங்கள் பிள்ளை’ என்று சொல்லியே திரும்ப வாங்கிவந்து வளர்ப்பார்கள். அடுத்தவன் சொத்தென்று எமன் விட்டுவிடுவானாம். அந்த வழக்கத்தைத்தான் கிழிகிழியென்று கிழித்திருந்தார். தொண்ணூறுகளில் அதை வாசிக்காமல் அவரை எந்த மேடையும் இறங்கவிட்டதில்லை.

பாவி மனுஷன், அதே வினை அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் இரண்டு ஆண் குழந்தைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக ஓவியா பிறந்ததும், இதையாவது தவிட்டுக்குக் கொடுத்து வாங்கிவிடலாம் என்று மனைவி ஜோதியம்மாள் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் எரிந்து விழுந்தார். நடக்கப் பழகிய வயதில் ஓவியாவும் போனாள். மூளைக் காய்ச்சல் என்றார் டாக்டர். ஜோதியம்மாள் வாய்விட்டு அழக்கூட இல்லை.

“ஒரு படி தவிடுதானங்க கேட்டேன்” என்றாள்.

அடுத்த பிரசவம் கீழ்பென்னாத்தூரில், அவள் அண்ணன் தருமன் வீட்டில் நடந்தது. சென்னையில் கவியரங்கம் முடித்துவிட்டு முருகையன் போய்ச் சேர்ந்தபோது, பெண் குழந்தை தருமன் மனைவி வெள்ளையம்மாள் மடியில் கிடந்தது. தவிடு கைமாறிவிட்டது. பேரும் வைத்தாயிற்று, தவிட்டம்மா. ஒழியட்டும், சடங்குதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பச் சொன்னார். ஜோதியம்மாள் தன் துணிப்பையை மட்டும் எடுத்தாள்.

“குழந்தை?”

“அது நம்ம குழந்தை இல்லங்க. குடுத்தது குடுத்ததுதான். நம்மகிட்ட வந்தா செத்துடும்.”

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கத்தினார். வெள்ளையம்மாளுக்கே மனசு கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிவந்து அவர் எதிரில் நீட்டினாள்.

“எடுத்துனு போங்கண்ணா. உங்க பொண்ணு.”

ஊரையே கேள்வி கேட்ட மனிதர் கையை நீட்டினார். விரல் பட்டதும் உடம்பு சூடாக இருப்பது போலிருந்தது. பச்சைக் குழந்தைக்கு இருக்கிற சூடுதான், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கையை இழுத்துக்கொண்டார். புருஷனும் பெண்டாட்டியும் வெறுங்கையோடு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

அதன் பிறகும் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கவிதையைக் கேட்டால் மட்டும் தொண்டை சரியில்லை என்பார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, பொங்கலுக்குக் கீழ்பென்னாத்தூர் போனார். பாவாடை சட்டையில் தவிட்டம்மா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். நல்ல திடமாக வளர்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றார்.

“அப்பா, மாமா வந்துக்கிறாரு” என்று தருமனைக் கூப்பிட்டபடி அவள் உள்ளே ஓடினாள்.