அம்மாவுக்குக் கேட்ட விமானம்

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்தால், பெங்களூரிலிருந்து தெற்கே போகும் விமானங்கள் பல தலைக்கு மேலேயே போகும். பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் எனக்குப் பிடித்த பைத்தியம் அது. எந்த விமானம், எந்த ஊருக்கு, எத்தனை அடி உயரம் என்று போனில் ஒரு ஆப் காட்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான்தான். அதனால் மேலே போகிறது எது என்று அம்மாவுக்கு விளக்கும் வேலையும் என்னுடையதாகிவிட்டது.

எனக்குப் பிடித்தது சாயங்காலம் போகும் ஏடிஆர். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி. சின்ன ஊர்களுக்குப் போகிற விமானம், ஜெட்டின் அவசரம் அதற்குக் கிடையாது. தாழ்வாக, ஒரே சுருதியில் உறுமிக்கொண்டு போகும். அதில் ஒன்றுக்கு ஏறக்குறைய என் வயசு என்று ஆப்பில் பார்த்த நாளிலிருந்து, அது வந்தால் எழுந்து நின்றுவிடுவேன்.

அம்மா அதற்கு வைத்த பெயர் டிராக்டர்.

"டேய், உன் டிராக்டர் வருது பாரு" என்பாள். நான் ஆப்பைத் திறப்பேன், அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குக் கேட்கும். "உன் போனுக்கு முன்னாடி என் காது சொல்லுது சாமி. அதைத் தூக்கிப் போடு" என்று சிரிப்பாள்.

அம்மா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் நிற்கிறாள். பதினாறு வருஷமாக அதே இரைச்சல். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. விரலை வளைத்தால் டீ, மணிக்கட்டைத் தட்டினால் ஷிப்ட் முடிந்தது, மீதியெல்லாம் உதட்டைப் பார்த்துத்தான். வீட்டிலும் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே பேசுவாள். பாசம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு காலை கம்பெனி பஸ்ஸுக்காக சர்வீஸ் ரோட்டைத் தாண்டும்போது, பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபடியே இருந்தது. அவள் திரும்பவில்லை. நான்தான் ஓடிப்போய் இழுத்தேன். அன்றிலிருந்து காது டெஸ்ட்டுக்குப் போகலாம் என்று கெஞ்ச ஆரம்பித்தேன்.

"காது போச்சுன்னு எழுதிட்டா என்னைத் தூக்கி பேக்கிங்ல போட்டுருவாங்க. எங்காளுங்க எல்லாம் பிரஸ்ல இருக்காங்க. அங்க போயி நான் யாரு மூஞ்சியைப் பாக்கறது? அதுவும் இல்லாம, டிராக்டர் சத்தம் யாருக்குடா முதல்ல கேக்குது? உனக்கா, எனக்கா?"

மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால், டெஸ்ட்டில் என்ன வரும் என்று தெரியாமலே தோற்பது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

போன மார்கழியில் அந்த நேரத்து ஏடிஆரை எடுத்துவிட்டு ஜெட் விடப்போகிறார்கள் என்று ஆப்பில் பார்த்தேன். துக்கமாக இருந்தது. அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

ஜெட் வந்த முதல் நாள் சாயங்காலம் அம்மா மாடியில் உட்கார்ந்து ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். ஜெட் வெகு உயரத்தில், டிராக்டரின் தாழ்ந்த உறுமல் இல்லாமல், காற்றைக் கிழிக்கும் மெல்லிய கீச்சுச் சத்தத்தோடு, நேராக எங்கள் தலைக்கு மேலே போனது. அவள் விரலில் இருந்து பருப்பு ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"என்னடா, டிராக்டரு இன்னிக்கு லேட்டா?"

"போயிருச்சும்மா."

"எப்ப?"

"இப்பதான். நேரா மேலயே."

அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"இது வேற ப்ளேன்மா. மாத்திட்டாங்க. எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுதான் கம்முனு உக்காந்திருந்தியா?"

"ஆமாம்மா."

கையிலிருந்த மொச்சைத் தோலை என்மேல் எறிந்தாள். "படிக்க வெச்சா ஆத்தாளுக்கே பரீட்சை வெக்கறான் பாரு!"

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"உனக்கு நல்லாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"எப்படி இருந்துச்சு, பண்ணிக் காட்டு."

பல்லிடுக்கில் காற்றை விட்டுக் காட்டினேன். என் உதட்டையே பார்த்திருந்தாள். இன்னொரு தடவை என்றாள். மூன்றாவது தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

"சரி விடு. செவ்வாக்கெழம எனக்கு லீவு. கம்பெனி டாக்டர் வேணாம், வெளிய யாரையாவது பாரு. ஆனா நீ உள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்."

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் கூட்டம். அம்மாவின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவள் சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டேன். எழுந்தவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் நடந்தாள், அங்கேயும் விடவில்லை.