மாத்திரை நிறுத்திய நாற்பத்தெட்டு நாள்

எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுப்பவனுக்கு முகம் மறந்துபோகும், இதயம் மறக்காது. இருட்டறையில் நாள் முழுக்க அடுத்தவர் விலா எலும்புகளுக்கு நடுவே வழி தேடிப் பிழைத்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் அந்த வேலை பார்த்தேன். கருவி பழையது. படத்தையும் சத்தத்தையும் வீடியோ கேசட்டில் பதியும்.

போர்த்தி உட்கார்ந்தவன்

கடம்பூர் ரோட்டில் தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நடத்திய அண்ணாச்சி மனைவியோடு வந்தார். திரையில் அவர் இதயத்தைச் சுற்றித் தடிமனாக ஒரு பட்டை, இதயம் துடிக்கத் துடிக்கக் கூடவே அசைந்தது. கொழுப்பு. வால்வு ஓரத்தில் உளுந்து அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியும் இருந்தது.

டாக்டர் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதினார். "இது ரத்தத்துல இருக்கிற கொழுப்பை மட்டும் குறைக்கிறதில்ல. இதயத்தைச் சுத்தி இருக்கிற கொழுப்புல ஒரு அழற்சி இருக்கும், பக்கத்து ரத்தக்குழாயையும் அது கெடுக்கும். அதையும் இந்த மாத்திரை தணிக்கும்னு இப்ப சொல்லுதாங்க. முழுசா நிச்சயமில்ல. ஒரு வருஷம் கழிச்சுப் பாப்போம்" என்றார்.

அண்ணாச்சி சட்டைப் பொத்தானைப் போடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்குள்ள எவனோ போத்திக்கிட்டு உக்காந்திருக்கான், தம்பி."

புள்ளி இல்லாத இதயம்

அடுத்த வருடம் அதே பெயரைக் கூப்பிட்டேன். அதே மீசை, அதே வெள்ளைச் சட்டை. படுக்கவைத்து, பசை தடவி, கருவியை நெஞ்சில் வைத்தேன். என் கை நின்றுவிட்டது. வால்வு ஓரத்தில் புள்ளி இல்லை. மாத்திரை கொழுப்பைக் குறைக்கலாம், ஓர் ஆளுடைய இதயத்தையே மாற்றி வைக்காது.

"அண்ணாச்சி எங்கே?" என்றேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அண்ணாச்சியின் தம்பி. "அண்ணன் வெளிய கார்லதான் இருக்காவ, சார். உள்ள இருந்தவன் போயிட்டானான்னு பாக்கப் பயப்படுதாவ. அதான் அவுக பேர்ல என்னையப் படுக்கச் சொல்லி அனுப்புனாவ."

கறி இல்லாத நாள்

அன்று அண்ணாச்சியை உள்ளே கூட்டிவந்து படம் எடுத்தோம். புள்ளி இருந்தது, பட்டை மெலிந்திருந்தது. நம்பாமல் இரண்டு முறை அளந்தேன். டாக்டர், மாத்திரையை விடாமல் தொடரச் சொன்னார். அண்ணாச்சியின் மனைவி தினமும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவந்தார்.

கார்த்திகையில் அண்ணாச்சி சபரிமலைக்கு மாலை போட்டார், நாற்பத்தெட்டு நாள் விரதம். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுவாரம் ஆபீஸ் வாசலில் சரிந்தார். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அவர் மனைவி வந்தார். படம் எடுக்க அல்ல. "அவிய கேசட்ட ஒருக்கா போடுங்க." போட்டேன். 'புஸ்க், புஸ்க்' என்று ரத்தம் ஓடும் சத்தம் அறையை நிறைத்தது. சுடுகாட்டில் எரித்தாகிவிட்ட மனிதர் திரையில் துடித்துக்கொண்டிருந்தார். முதல் படத்தையும் இரண்டாவதையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார்.

"மாலை போட்டா வீட்டுல கறி, மீன் கிடையாது. கொழுப்பே திங்காத மனுசனுக்குக் கொழுப்பு மாத்திரை எதுக்குன்னு நான்தான் எடுத்து உள்ள வச்சேன்" என்றார்.

அதனால்தான் போனார் என்று யாராலும் சொல்ல முடியாது, மாத்திரை தின்றிருந்தாலும் மாரடைப்பு வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நானும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையில் அந்தப் பட்டையை விரலால் தொட்டார். "அந்த நாப்பத்தெட்டு நாள்ல அவன் திரும்பி வந்து உக்காந்துட்டானா, தம்பி?"

பகல் பன்னிரண்டு மணிச் சத்தம்

அவருக்கு ஒரு நகல் கேசட் போட்டுக் கொடுத்தேன். என் தவறுதான். இரண்டு மாதம் கழித்துத் தம்பி வந்தார். வீட்டை ஒட்டித்தான் தீப்பெட்டி ஆபீஸ். பகல் பன்னிரண்டு மணிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் அண்ணாச்சி மூச்சு வாங்குகிறார் என்று பெட்டி அடைக்கும் பெண்கள் வேலைக்கு வரப் பயப்படுகிறார்களாம். "நீங்க வந்து மதினிகிட்ட கேசட்ட வாங்கிருங்க, சார்."

போனேன். டிவியில் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே அண்ணாச்சியின் நாற்காலி. அதில் யாரும் இல்லை. டிவி மேல் ஒரு தம்ளர் தண்ணீர், பக்கத்தில் எவர்சில்வர் தட்டு. தட்டு நிறைய வெள்ளை மாத்திரைகள், நாளுக்கு ஒன்றாகச் சேர்ந்தவை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா அட்டையைப் பிதுக்கி இன்னொன்றைப் போட்டார். மாத்திரை 'டிங்'கென்று விழுந்தது. திரையில் துடிப்பு ஒரு கணம் தவறியதுபோல எனக்குப் பட்டது. பழைய டேப், அப்படித்தான் இருக்கும்.

"மதினி, போதுமே" என்றேன். அவர் சாதாரணமாகத்தான் பதில் சொன்னார்: "ஒரு தடவ நிறுத்திப் பாத்துட்டேன்லா தம்பி. இனிமே நிறுத்த மாட்டேன்."

கேசட்டைக் கேட்காமலே திரும்பிவிட்டேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ நெஞ்சுகளை அளந்து எழுதியிருக்கிறேன், அந்த அம்மாவின் நெஞ்சை எழுத மட்டும் எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.