அவர் வைத்த வெல்டு

உள்ளே படுக்கை போட்டு, குடும்பத்தோடு ஊர் ஊராகச் சுற்றலாம் என்று பீளமேட்டில் ஒரு பழைய வேனை விலைக்குப் பார்த்தேன். கூட ஒரு மெக்கானிக் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். எந்த வண்டியானாலும் முதலில் அடியில் படுத்துத்தான் பார்ப்பார்.

அன்று வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தவரின் முகம் செத்திருந்தது.

"வேண்டாமுங்க. இது மலைப்பாதையில உருண்ட வண்டி. ரெண்டாப் போன அடிச்சட்டத்துக்கு நாந்தானுங்க வெல்டு வெச்சேன்."

"ஆபத்துன்னு தெரிஞ்சேவா?"

"அப்ப வேலை செஞ்ச பட்டறை மொதலாளி சொன்னாருங்க. செஞ்சுபோட்டேன்."

நான் வாங்காமல் விட்ட அதே வேன் அடுத்த மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. பதறிப்போய் அவரிடம் சொன்னேன்.

"வாங்குனவருகிட்டச் சொல்லிப் பாத்தேன், நம்பலீங்க. தெனம் சாயங்காலம் ரோட்டோரம் நிக்கறனுங்க. வண்டி திரும்பி வந்தப்புறந்தான் ஊட்டுக்குப் போறேன்."