இருட்டறையில் காணாமல் போன சுவர்

பேய் பிசாசு மேலெல்லாம் எனக்கு நம்பிக்கையே கிடையாது. சுடுகாட்டு வழியாத்தான் தினம் வேலைக்கு நடந்து போவேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, அதிகம் பேசவும் மாட்டேன், அதனால நான் சொன்னா நீங்க சிரிக்கலாம். தொண்ணூத்தெட்டுல நடந்தது.

அரியலூர்ல ஒரு போட்டோ ஸ்டுடியோவுல மருந்துத் தட்டு, பிலிமைப் போட்டு மூடுற சொம்பளவு டிரம்மு, இதெல்லாம் கழுவுற வேலை. பெரம்பலூர் காலேஜ் சார் ஒருத்தர் பிலிம் ரோல் ஒண்ணு கொண்டாந்தார். மூணு ராத்திரி அரும்பாவூர் பக்கம் பனியில உக்காந்து, வானத்துல ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தாராம். "நம்ம நட்சத்திரக் கூட்டத்துக்கு வெளியில இன்னொரு கூட்டம்மா. வெளிச்சம் அங்கேருந்து கெளம்பி இருபது லட்சம் வருசத்துக்கு மேல ஆச்சு. இப்பத்தான் இதுக்குள்ள வந்து உக்காந்திருக்கு, பத்திரம்"னார்.

பிலிம் கழுவுற இருட்டு ரூம்ல எரியுற சிவப்பு பல்புகூட அந்தப் பிலிமுக்கு ஆகாது. முதலாளி என்னையும் உள்ள வெச்சுக் கதவைச் சாத்தி, இருட்டுலயே பிலிமைச் சுத்தி டிரம்முல போட்டுட்டு, "அக்கா, மூடி?"ன்னார். எனக்கு உசுரே போச்சு. மூடியைக் கழுவி வெளியில வெயில்ல காய வெச்சிருந்தேன்.

"காயட்டும், வடகம்தானே! கதவைத் தொறந்தா சாரோட மூணு ராத்திரியும் போச்சு"ன்னு திட்டிக்கிட்டே, டிரம்மைக் கறுப்புத் துணியில சுத்தி என் மடியில வெச்சார். "கோழி அடைகாக்குற மாதிரி கவுந்து உக்காருக்கா, எழுந்திரிக்காத." மூடியை எடுக்க நழுவி வெளிய போய், யாரும் தொறந்துடக்கூடாதுன்னு தாழ்ப்பாளும் போட்டுட்டார்.

அந்த ரூம்ல உக்காந்தபடியே ரெண்டு பக்கச் சுவரையும் தொடலாம். கை நீட்டினேன், சுவர் இல்ல. இன்னும் நீட்டினேன், இல்ல. காலை நீட்டினா தண்ணித் தொட்டி இருக்கணும், அதுவும் இல்ல. "மொதலாளி"ன்னு கத்தினேன், சத்தம் எங்கேயும் முட்டாம போய்க்கிட்டே இருந்துச்சு. எழுந்து ஓடலாம்னா எந்தப் பக்கம்? மடியில பிலிம் வேற. என் தப்பால வந்தது, அதையும் கெடுத்துட்டா சார் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? கட்டிப் புடிச்சுக்கிட்டே கெடந்தேன். பசியெடுத்து, அந்தப் பசியும் அடங்கிப் போச்சு, நம்புங்க. அப்பத்தான் மடியிலேருந்து ஏதோ ஒண்ணு சில்லுன்னு இறங்கித் தொடைக்குள்ள போச்சு.

தாழ்ப்பாள் தொறந்துச்சு, மூடியோட முதலாளி. "ரெண்டு நிமிஷத்துக்கு எதுக்குக்கா அழுவுற?"

கழுவின பிலிமைச் சார் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். நெகட்டிவ்ல வெளிச்சம் கறுப்பாத்தான் விழும்; ஒவ்வொண்ணுலயும் நட்சத்திரங்களுக்கு நடுவுல கறுப்பா, சாய்வா, விரலால இழுத்துவுட்ட மாதிரி ஒரு தீத்தல். அதுதானாம் அந்தக் கூட்டம். கடைசிப் படத்துல நட்சத்திரமெல்லாம் அதே இடத்துல இருக்கு, அது மட்டும் இல்ல. "மேகம்னா எல்லாத்தையும்ல மறைக்கும்"னு முணுமுணுத்தார்.

வூட்டுல குளிக்கும்போது பார்த்தேன், தொடையில வெள்ளையா, சாய்வா ஒரு தீத்தல். தேமல்னே வெச்சுக்கங்க. இருக்கிற இடம் அப்படி, வெக்கத்துல டாக்டர்கிட்டயும் காட்டினதில்ல. வலியில்ல, அரிப்பில்ல. ஆனா அன்னைக்குச் சாய்ஞ்சிருந்தது வருசா வருசம் துளித்துளியா திரும்பி, இப்ப நேரா நிக்குது.

கரண்ட் போச்சுன்னா இருந்த இடத்துலயே உக்காந்துருவேன். கை நீட்டிச் சுவரைத் தேடுறதில்ல.