பதினோராவது சேனல்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கற்பனையெல்லாம் வராது. ராக் கச்சேரிகளுக்கு சவுண்ட் மிக்ஸிங் செய்வது என் வேலை. காதால் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

அன்று என் தம்பி முதல்முறையாகப் பெரிய மேடையில் கிட்டார் வாசித்தான். எதிரே மிக்ஸரில் நான். பன்னிரண்டு வருடம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் காதைக் கிழித்தவன், அன்று அரங்கத்தின் காதைக் கிழிக்கப் போகிறான். புது ஆம்ப்ளிஃபையர் வேறு. அவன் கிட்டாரின் சத்தம் முழுக்க அந்தப் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். பெருமை தாங்கவில்லை எனக்கு.

ஆனால் அவன் நின்றது நெட்டையின் இடம். நெட்டை அந்தக் குழுவின் பழைய கிட்டார்காரன். மூன்று மாதத்துக்கு முன்பு, வேறொரு அரங்கில், கச்சேரி நாளன்று ஒத்திகையின்போது கையில் கிட்டாரோடு மைக்கைத் தொட்டான். ஷாக் அடித்து அங்கேயே போய்விட்டான். “குடிச்சிட்டு ஒயர மிதிச்சான்” என்று குழுவின் பாடகர் ஊரெல்லாம் சொன்னார். அப்பட்டமான பொய். கச்சேரி நாளில் நெட்டை சோடாகூடத் தொட மாட்டான். செத்தவன் மேல் பழி போட்ட அந்த வாயைக் கிழிக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம். சம்பளம் தருபவர் ஆயிற்றே... பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மிக்ஸரில் பதினோராவது சேனல் நெட்டையின் மைக்குக்கு உரியது. அன்று அதில் ஒயரே செருகவில்லை.

இரவு 8.40. பதினோராவது சேனலின் பச்சை விளக்கு மின்னியது.

ஹெட்போனில் அதை மட்டும் கேட்டேன். மூச்சு... யாரோ மைக்குக்கு மிக அருகில் மூச்சு விடும் சத்தம்.

மிக்ஸரின் பின்பக்கம் தடவிப் பார்த்தேன். காலி. பக்கத்து சேனலின் சத்தம் கசிகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேடையில் தம்பி வெளுத்து வாங்கினான். தன் மைக்கில் கூடவே பாடவும் செய்தான். கூட்டம் அவனைப் பார்த்தே கத்தியது. பாடகரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

9.15. மறுபடி பச்சை விளக்கு.

தொண்டையைக் கனைக்கும் சத்தம். இரண்டு தடவை. பாடுவதற்கு முன்பு நெட்டை அப்படித்தான் கனைப்பான்.

அந்தச் சேனலை அடியோடு அணைத்தேன்.

அப்படியும் குரல் வந்தது.

“தம்பிய கிட்டாரக் கழட்டச் சொல்லு.”

நெட்டையேதான்.

“அவன ஒண்ணும் பண்ண மாட்டேன்... கழட்டச் சொல்லு.”

எனக்கு இருப்பது ஒரே தம்பி. நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்து ஆட்டினேன். நிறுத்து என்று அர்த்தம். அவன் முழித்தான். மறுபடி ஆட்டினேன். பாட்டின் நடுவிலேயே கிட்டாரைக் கழற்றினான்.

“தள்ளுடா, நான் காட்டறேன்!”

பாடகர் அதைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். தம்பியின் மைக்கை நோக்கி நடந்தார்.

ஹெட்போனில் சிரிப்பு...

“வா.”

கத்த நினைத்தேன். நேரமில்லை.

பாடகர் மைக்கைப் பிடித்தார்.

டப்!

நீலப் பொறி.

பிடித்த கை விடவில்லை...

பச்சை விளக்கு அணைந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. பாவம் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

தம்பி விடிய விடிய நடுங்கினான். “அதே கிட்டார், அதே மைக்குதானேக்கா? ஒரு மணி நேரமா உதடு ஒட்டற மாதிரி பாடினேன். எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?”

மறுநாள் அரங்கத்தின் எலக்ட்ரீஷியனைப் பிடித்தேன்.

“ஆம்ப்ல இரைச்சல் வருதுன்னு பாடகர் சாயங்காலமே எர்த் ஒயர வெட்டிட்டார்மா. வெட்டினா இரைச்சல் நிக்கும். ஆனா கரண்ட் கசிஞ்சா தொட்டவன் காலி. ‘நெட்டையோட ஆம்ப்லயும் இப்படித்தான் வெட்டினேன், சத்தம் சுத்தமா இருந்துச்சு’ன்னு பாடகரே சொன்னார்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “தெரிஞ்சுமா என் தம்பிய வாசிக்க விட்டீங்க?”

“விடுவேனாம்மா? கச்சேரிக்கு முன்னாடியே அந்த ஆம்ப் லைனோட ஃபியூஸப் பிடுங்கிட்டேன். கிட்டார்ல சத்தம் வரலன்னு யாராவது தேடி வருவீங்க, அப்ப சொல்லிக்கலாம்னு உக்காந்திருந்தேன். யாரும் வரல. கிட்டார் சத்தம்தான் வந்துச்சு. சரி, வேற ஆம்ப் மாத்திட்டீங்க போலன்னு விட்டுட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்து என் கையில் வைத்தார்.

எங்களிடம் வேறு ஆம்ப் கிடையாது.